தசையின் இறுக்கம் ஒலியாக: உடல் சென்சார்களைக் கொண்டு மின்னணு இசைக்கருவி செய்து வாசிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

முன்கைத் தசை இறுகும்போது தோலின் மேல் பிறக்கும் மிகச் சிறிய மின்னழுத்தத்தையும் அதே கையின் சாய்வையும் அளந்து, கம்பியில்லாமல் கணினிக்கு அனுப்பி, அங்கே உருவாகும் ஒலியைக் கையாலேயே வாசிக்கும் ஒரு கருவியை இந்த வழிகாட்டியைப் பின்பற்றிச் செய்து முடிக்கலாம். சால்டரிங் ஓரளவு தெரிந்தவர்களுக்கு இரண்டு வார இறுதிகள் போதும். வாசிக்கப் பழகுவதற்கு அதைவிட வெகுகாலம் ஆகும்.

பயிலரங்குகளில் புதியவர்களின் அருகில் உட்கார்ந்து பார்த்ததில், அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கை இறுகும்போது என்ன ஒலி வர வேண்டும் என்று யோசிக்கிறார்களே தவிர, கை சும்மா இருக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்று யோசிப்பதில்லை. ஓய்வில் மௌனம் தராத கருவியில், இறுக்கத்தின்போது எவ்வளவு அழகான ஒலி வந்தாலும், அது உடலிலிருந்து வருவதாகக் கேட்பவருக்குத் தோன்றாது. ஆகவே இங்கே படிகளின் வரிசை ஓய்விலிருந்து தொடங்குகிறது. அவசரப்பட்டு 7-ஆம் பகுதிக்குத் தாவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஈஎஸ்பி32 போர்டு ஒன்று. சென்சாரின் அளவைப் படித்துக் கணினிக்கு அனுப்பும் சிறு மின்னணுப் பலகை இது. வைஃபை உள்ளேயே இருப்பதாலும், அனலாக் அளவை 0 முதல் 4095 வரை படிப்பதாலும் இதைச் சொல்கிறேன். ஆர்டுவினோ ஊனோ ஆர்3 போர்டு 0 முதல் 1023 வரைதான் படிக்கும். அதில் வைஃபையும் கிடையாது.

தசைச் சென்சார் ஒன்று. இதில் இரண்டு வகை உண்டு. மயோவேர் 2.0 போன்றவை தசைச் சிக்னலைத் தாமே சீராக்கி, இறுக்கத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் ஒரு வழவழப்பான கோடாகத் தரும். தில்லியைச் சேர்ந்த அப்சைட் டவுன் லேப்ஸ் தயாரிக்கும் பயோஆம்ப் ஈஎக்ஸ்ஜி பில் போன்றவை பெருக்கப்பட்ட மூலச் சிக்னலை அப்படியே தரும். சீராக்கும் வேலையை நீங்கள் நிரலில் செய்ய வேண்டும். முதல் கருவிக்கு முதல் வகையே நல்லது. இரண்டாவது வகையில் கற்றுக்கொள்வது அதிகம், ஆனால் தவறு எங்கே என்று தேடும் இடமும் அதிகம்.

ஈசிஜி எலக்ட்ரோடுகள். பட்டன் வைத்த, ஜெல் தடவிய, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகை. மருத்துவமனைகளுக்கு அருகிலுள்ள சர்ஜிகல் கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பாக்கெட்டைத் திறந்தபின் ஜிப் பையில் போட்டு மூடாவிட்டால் ஜெல் காய்ந்துவிடும். காய்ந்த ஜெல் தரும் இரைச்சலைப் பலர் சென்சாரின் பழுது என்று எண்ணிப் புதிய சென்சாரே வாங்கிவிடுகிறார்கள்.

எம்பியு6050 அசைவுச் சென்சார், தனி வைஃபை ரூட்டர், பேட்டரி. இவற்றோடு ஒலிபெருக்கி, மடிக்கணினி, அதில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மென்பொருள்கள்: ஒலியை உருவாக்கும் ப்யூர் டேட்டா, போர்டுக்கு நிரல் எழுதி ஏற்றும் ஆர்டுவினோ. சென்னையில் இருப்பவர்கள் மின்னணுப் பொருள்களில் பெரும்பாலானவற்றை ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

பவர் பேங்க் பற்றி ஒரு எச்சரிக்கை. குறைந்த மின்னோட்டமே எடுக்கும் கருவியை இணைத்தால், சில பவர் பேங்குகள் போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று கருதித் தாமே அணைந்துவிடும். நீங்கள் வாங்கியது அப்படிப்பட்டதா என்பதை வீட்டிலேயே 30 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பாதுகாப்புச் சுற்று உள்ள ஒற்றை லித்தியம் பேட்டரியில் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே சமயத்தில் 5 சென்சார்கள் வாங்காதீர்கள். ஒரு தசையை ஒழுங்காகக் கேட்கக் கற்றவருக்கு இரண்டாவது தசை எளிது. ஐந்தையும் ஒன்றாகத் தொடங்கியவர், எந்த இரைச்சல் எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் கருவியையே கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

## 2. உடலுக்கும் காதுக்கும் பாதுகாப்பு

இந்தப் பகுதியில் விட்டுவிடக்கூடிய படி எதுவும் இல்லை.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது. புண்ணோ அரிப்போ உள்ள தோலில் எலக்ட்ரோடு ஒட்டக் கூடாது. மூன்று எலக்ட்ரோடுகளும் ஒரே கையிலேயே இருக்க வேண்டும். இடக் கையில் ஒன்று, வலக் கையில் ஒன்று என்று ஒட்டினால், ஏதேனும் கோளாறு நேரும்போது மின்னோட்டத்தின் பாதை மார்பின் குறுக்கே அமைந்துவிடும்.

எலக்ட்ரோடு உடலில் இருக்கும்போது, யுஎஸ்பி கேபிளால் இணைந்த மடிக்கணினி சார்ஜரில் இருக்கக் கூடாது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓடவிடுங்கள். இது முதலில் உயிர்ப் பாதுகாப்புக்காக. அதோடு நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் சிக்னலுக்குள் நுழைவதும் இதனால் பெருமளவு குறையும்.

ஒலியைச் சோதிக்கும் முதல் நாள்களில் ஹெட்போன் அணியாதீர்கள். எலக்ட்ரோடு ஒன்று சட்டென்று பிரிந்தால் சிக்னல் உச்சத்துக்கு எகிறும். ஒலியும் கூடவே எகிறும். சிறிய ஒலிபெருக்கியைக் குறைந்த அளவில் வைத்து, கை எட்டும் தூரத்தில் அதன் திருகு இருக்கும்படி அமர்ந்து வேலை செய்யுங்கள்.

## 3. எலக்ட்ரோடை ஒட்டும் இடமும் முறையும்

உள்ளங்கையை மேலே பார்க்கும்படி வைத்து, விரல்களை மடக்கிக் கைமுட்டியை இறுக்குங்கள். மற்றொரு கையின் விரல்களால் முன்கையின் உட்பக்கத்தைத் தடவினால், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் தசை நன்றாகப் புடைப்பது தெரியும். முதல் எலக்ட்ரோடு அந்தப் புடைப்பின் நடுவில். இரண்டாவது, தசை ஓடும் திசையிலேயே மணிக்கட்டை நோக்கி, மையத்துக்கு மையம் சுமார் 2 செ.மீ. தள்ளி. மூன்றாவது ஒப்பீட்டுக்கானது, அது தசை இல்லாத எலும்புப் பகுதியில், அதாவது முழங்கை முனையில் இருக்க வேண்டும்.

இரண்டு எலக்ட்ரோடுகளுக்கும் இடையிலான வித்தியாசத்தையே சென்சார் பெருக்குகிறது. இரண்டும் ஒரே தசையின் நீளவாக்கில் இருந்தால்தான் அந்த வித்தியாசம் தசையின் வேலையைக் காட்டும். குறுக்காக ஒட்டினால் பக்கத்துத் தசையும் கலந்துவிடும். விரலை அசைத்தால் மட்டும் வர வேண்டிய ஒலி, மணிக்கட்டைத் திருப்பினாலும் வரத் தொடங்கும்.

ஒட்டுமுன் அந்த இடத்து முடியை மழித்து, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, முழுவதும் உலரவிடுங்கள். காலையில் தேங்காய் எண்ணெயோ லோஷனோ தடவிய கையில் எலக்ட்ரோடு ஒட்டியது போலத் தெரியும். பத்து நிமிடத்தில் ஓரங்கள் எழும்பிவிடும். ஒட்டியபின் 5 நிமிடம் காத்திருந்து அளவிடத் தொடங்குங்கள். ஜெல் தோலில் ஊறி நிலைகொள்ள அந்த நேரம் தேவை.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளங்கையை மேலே காட்டியபடி எலக்ட்ரோடை ஒட்டிவிட்டு, பிறகு உள்ளங்கையைக் கீழே திருப்பிப் பாருங்கள்: தோல் அசைந்த அளவுக்கு மேல் உள்ளே தசை நழுவுவதை விரலால் உணரலாம். நீங்கள் எந்த நிலையில் கையை வைத்து வாசிக்கப் போகிறீர்களோ, அந்த நிலையிலேயே தசையைத் தேடி, பால்பாயின்ட் பேனாவால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளியின் மேல் ஒட்டுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து புள்ளி எத்தனை விரற்கடை தூரம் என்று குறித்துவைத்தால், அடுத்த நாளும் அதே இடத்தில் ஒட்டலாம். நாளுக்கு நாள் இடம் மாறினால் கருவியும் நாளுக்கு நாள் வேறாகிவிடும்.

## 4. ஒலி இல்லாமல் சிக்னலைக் கவனித்தல்

தசைச் சென்சாரின் வெளியீட்டை ஈஎஸ்பி32-இன் 34-ஆம் எண் காலில் (பின்) இணையுங்கள். எண் முக்கியம். இந்தச் சிப்பில் அனலாக் படிப்பதற்கு இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. வைஃபை இயங்கும்போது இரண்டாவது தொகுதியின் கால்களை நம்ப முடியாது. யுஎஸ்பியில் ஒழுங்காக ஓடிய கருவி, வைஃபையை இணைத்தவுடன் அர்த்தமற்ற எண்களைத் தருவதற்கு இதுவே வழக்கமான காரணம். 32 முதல் 39 வரையுள்ள கால்கள் முதல் தொகுதியைச் சேர்ந்தவை, அவற்றிலேயே நில்லுங்கள்.

சென்சாருக்கு மின்சாரத்தை 3.3 வோல்ட் காலிலிருந்து கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் அதன் வெளியீடும் 5 வோல்ட்டை நெருங்கலாம். ஈஎஸ்பி32-இன் கால் அதைத் தாங்காது.

ஒரு நொடிக்கு 200 முறை படித்து எண்ணை அச்சிடும் சிறு நிரலை ஏற்றி, ஆர்டுவினோ மென்பொருளில் எண்களைக் கோடாக வரைந்து காட்டும் சீரியல் பிளாட்டரைத் திறந்து, கோட்டைப் பாருங்கள். மூலச் சிக்னல் தரும் சென்சாராக இருந்தால் நொடிக்கு 1000 முறை படிக்க வேண்டும். தசைச் சிக்னலின் பயனுள்ள பகுதி ஏறக்குறைய 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை பரவியிருப்பதால், அதைவிட மெதுவாகப் படித்தால் சிக்னல் உருமாறிவிடும். படித்த எண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டி, குறி நீக்கி (எதிர்ம எண்களை நேர்மமாக்கி), பிறகு வழவழப்பாக்குங்கள். 70 என்று சொல்வது 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அசைவின் அதிர்வும் சேர்ந்தே போய்விடும் என்பதற்காக.

இப்போது மூன்று காரியங்களைச் செய்து, மூன்று எண்களை நோட்டில் எழுதுங்கள். கையை மடியில் போட்டு ஒரு நிமிடம் சும்மா இருப்பது முதலாவது. பாதி நிரம்பிய டம்ளரைத் தூக்குவது இரண்டாவது. வலிக்காத அளவுக்குக் கைமுட்டியை இறுக்குவது மூன்றாவது. என் கையில் ஒரு நல்ல நாளில் ஓய்வு 150-இலிருந்து 250-க்குள் உலாவும். டம்ளர் 600-ஐத் தொடும். இறுக்கம் 3000 அருகே நிற்கும். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஓய்வுக்கும் டம்ளருக்கும் இடையே தெளிவான இடைவெளி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பயிலரங்கில் மாணவி ஒருவரின் ஓய்வு எண் 900-க்குக் கீழே இறங்கவே இல்லை. எலக்ட்ரோடை மாற்றினோம், சென்சாரை மாற்றினோம், இறங்கவில்லை. பிறகு அவருடைய தோளைப் பார்த்தேன்: மடிக்கணினித் திரையை எட்டிப் பார்ப்பதற்காக முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, அறியாமலே விரல்களை மடக்கி வைத்திருந்தார். நாற்காலியைத் திரைக்கு நேராகத் திருப்பி, கையை மடியில் வைக்கச் சொன்னதும் எண் 200-க்கு வந்துவிட்டது. சென்சார் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஓய்வில் இருக்கிறோம் என்று நாம் எண்ணும் நேரத்திலும் உடல் ஓய்வில் இருப்பதில்லை. அன்றிலிருந்து இந்த ஒரு நிமிடச் சும்மா இருத்தலை எவருக்கும் நான் தளர்த்துவதில்லை.

உச்ச எண் 4095-ஐ முட்டினால் சென்சாரின் பெருக்கத் திருகைக் குறைத்து 3000-க்கு அருகில் கொண்டுவாருங்கள். அளவுகோலின் இரு முனைகளிலும் ஈஎஸ்பி32 துல்லியமாகப் படிப்பதில்லை. அதோடு மேல்முனையை முட்டிய சிக்னலில் அதற்குமேல் இறுக்கினாலும் வேறுபாடு தெரியாது.

## 5. ஓய்வையும் உச்சத்தையும் அளந்து, 0 முதல் 1 வரை ஆக்குதல்

இதை நிரலுக்குள் நிலையான எண்களாக எழுதிவைக்கக் கூடாது. வியர்வை, அன்றைய களைப்பு, எலக்ட்ரோடின் ஈரம் எல்லாம் எண்களை மாற்றும். ஒவ்வொரு முறை அணியும்போதும் புதிதாக அளக்க, ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும் சிறு பகுதியாக நிரலில் வையுங்கள்.

1. 5 நொடி ஓய்வு. இதில் கிடைக்கும் மிகப் பெரிய எண்ணோடு கொஞ்சம் கூட்டி, அதை 0 என்று கொள்ளுங்கள். சராசரியை 0 என்று வைத்தால், ஓய்வின் சிறு துடிப்புகள் எல்லாம் சராசரிக்கு மேலே எழும்போது ஒலியாகிவிடும்.
2. 3 நொடி வசதியான முழு இறுக்கம். இதன் 80 சதவீதத்தை 1 என்று கொள்ளுங்கள். முழு உச்சத்தையே 1 என்று வைத்தால், மேடையில் ஒவ்வொரு உரத்த தருணத்துக்கும் உயிரைக் கொடுத்து இறுக்க வேண்டியிருக்கும். 10 நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும்.
3. இடைப்பட்டதை 0–1 ஆக்கி, வெளியே போவதை வெட்டிவிடுங்கள்.

அடுத்தது வழவழப்பாக்குதல். பழைய மதிப்பில் ஒரு பங்கும் புதிய மதிப்பில் ஒரு பங்கும் சேர்க்கும் எளிய முறையே போதும். ஆனால் ஏறும்போது ஒரு பங்கும் இறங்கும்போது வேறு பங்கும் பயன்படுத்துங்கள். நொடிக்கு 200 முறை படிக்கும்போது, ஏறுமுகத்தில் புதியதின் பங்கு 0.3 என்றால் சிக்னல் ஏறக்குறைய 15 மில்லி நொடியில் தொடர்ந்து வரும், இறங்குமுகத்தில் 0.05 என்றால் ஏறக்குறைய 100 மில்லி நொடி எடுக்கும். இறுக்கியவுடன் ஒலி வர வேண்டும், தளர்த்தும்போது ஒலி மெல்ல அவிழ வேண்டும் என்பதே காரணம். இரண்டுக்கும் 0.05 வைப்பது மிகப் பொதுவான பிழை. கோடு திரையில் அழகாக இருக்கும். வாசிக்கும்போதோ கருவி நம் பின்னால் இழுபட்டு வருவதுபோல் இருக்கும்.

## 6. வைஃபை வழியே கணினிக்கு அனுப்புதல்

எண்களை, இசைக்கருவிகளும் கணினிகளும் செய்தி பரிமாறும் ஓஎஸ்சி என்ற முறையில், வந்து சேர்ந்ததா என்று காத்திராமல் அனுப்பும் யுடிபி வழியாக அனுப்புங்கள். மின்னணு இசைக்கருவிகளின் பழைய பொதுமுறையான மிடியில் சாதாரணக் கட்டுப்பாட்டு எண்ணுக்கு 0 முதல் 127 வரை 128 படிகள்தான். மெதுவாக இறுகும் தசையில் அந்தப் படிகள் காதுக்குத் தனித்தனியாகத் தெரியும். ஓஎஸ்சி தசம எண்ணை அப்படியே கொண்டுசெல்லும்.

நிரலில் கவனிக்க வேண்டியவை மூன்று. வைஃபையின் மின்சேமிப்புத் தூக்கத்தை அணைத்துவிடுங்கள்; அணைக்காவிட்டால் செய்திகள் சில நேரம் 100 மில்லி நொடி வரை தேங்கி, கொத்தாக வந்து விழும். நொடிக்கு 100 செய்திகளுக்கு மேல் அனுப்ப வேண்டாம்; நிரலின் சுழற்சி ஓடும் வேகத்துக்கெல்லாம் அனுப்பினால் ரூட்டர் திணறும். தசை, சாய்வு எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். அப்போதுதான் அவை ஒரே கணத்தைச் சேர்ந்தவையாக இருக்கும்.

வீட்டு இணையத்தோடு இணைக்காமல், இதற்கென்றே ஒரு ரூட்டரை வைத்து, கணினிக்கு மாறாத ஐபி முகவரி கொடுத்து, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் வழி எளிதுதான். ஆனால் வைஃபையில் அப்படிப்பட்ட செய்திகள் மெதுவாகவும் தாமதமாகவும் போகும். ஈஎஸ்பி32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும் என்பதால் ரூட்டரில் அந்த அலைவரிசை இயங்க வேண்டும்.

எண்கள் வரவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: ரூட்டரில் போர்டு இணைந்திருக்கிறதா, ஐபி முகவரி சரியா, போர்ட் எண் இரு பக்கமும் ஒன்றா, விண்டோஸின் ஃபயர்வால் தடுக்கிறதா. கடைசியாகச் சொன்னதே பெரும்பாலும் குற்றவாளி. புதியவர்கள் அதைக் கடைசி வரை பார்ப்பதே இல்லை.

## 7. முதல் ஒலி

ப்யூர் டேட்டாவில் நிரல் என்பது திரையில் பெட்டிகளைக் கோடுகளால் கோப்பது; அப்படிக் கோத்ததைப் பேட்ச் என்பார்கள். பெட்டிப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ‘நெட்ரிசீவ்’ பெட்டியை யுடிபி, பைனரி முறைகளில் போர்ட் 8000-இல் திறந்து, ‘ஓஎஸ்சிபார்ஸ்’, ‘லிஸ்ட் ட்ரிம்’, ‘ரூட்’ என்ற வரிசையில் கோத்தால் எண்கள் வந்து சேரும். அவற்றை முதலில் எண்பெட்டியில் பாருங்கள். கையை மடியில் வைத்தால் 0 நிற்கிறதா? நிற்காவிட்டால் 5-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

ஒலிக்கு 110 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை எடுத்து, அதன் அதிர்வெண்ணை அதைப்போல் 1.41 மடங்கான, அதாவது சுமார் 155 ஹெர்ட்ஸ் அலையால் ஆட்டுங்கள். விகிதம் முழு எண் அல்லாததால் பிறக்கும் ஒலி வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியது போன்ற சாயலில் இருக்கும். எவ்வளவு ஆட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஒலி மென்மையிலிருந்து கரகரப்புக்கு மாறும். ஆட்டத்தின் அளவெண்ணை 0 முதல் 6 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

தசையின் எண்ணை இரண்டு இடங்களுக்கு, இரண்டு விதமாக அனுப்ப வேண்டும். ஒலியின் அளவுக்கு அதன் இருபடி. கரகரப்புக்கு அதன் முப்படி. இதனால் மெல்லிய இறுக்கத்தில் தூய்மையான சிறு ஒலி எழும்; பாதிக்கு மேல் இறுக்கும்போதுதான் கரகரப்பு தலைகாட்டும். பாடுபவர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரலில் உழைப்பு தெரிவதுபோல, இங்கும் உழைப்பு ஒலியில் தெரிய வேண்டும். இரண்டையும் நேர்கோட்டில் இணைத்தால், தசையை வைத்து ஒரு வால்யூம் திருகைத் திருகுவது போலத்தான் இருக்கும். அதற்குத் திருகே போதும்.

எண்கள் நொடிக்கு 100 முறைதான் வருகின்றன, ஒலியோ நொடிக்கு 44,100 புள்ளிகளால் ஆனது. இடைவெளியை நிரப்பாவிட்டால் ஒவ்வொரு எண் மாற்றமும் ஒரு சிறு ‘டிக்’ ஆகக் கேட்கும். எண்ணோடு 20 மில்லி நொடியைச் சேர்த்து ‘லைன்~’ பெட்டிக்கு அனுப்பினால் அது சீராக நகரும். எல்லாவற்றுக்கும் கடைசியில், ‘டிஏசி~’க்கு முன்னால், ‘கிளிப்~’ பெட்டியை −0.9, 0.9 எல்லைகளோடு வைக்க மறக்காதீர்கள்.

இந்த ஒரே ஒலியோடு குறைந்தது ஒரு வாரம் இருங்கள். மௌனத்திலிருந்து எழுந்து, 10 நொடி ஒரே அளவில் நின்று, நடுங்காமல் மௌனத்துக்குத் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். நிற்பது எழுவதைவிடக் கடினம். திரும்புவது நிற்பதைவிடக் கடினம்.

தசையின் மின்சாரத்துக்குப் பதிலாகத் தசையின் ஓசையையே எடுக்கும் வழியும் ஒன்று உண்டு. இறுகும் தசை காதுக்கு எட்டாத அளவில் முனகுகிறது. அந்த அதிர்வு பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். இத்தாலியக் கலைஞர் மார்கோ டொன்னாருமா, சிறு மைக்கைத் தோலோடு கட்டி இந்த ஓசையைப் பிடித்து மேடையில் வாசித்தவர். அங்கே சென்சார் எண் தருவதில்லை, ஒலியே தருகிறது. இந்தக் கருவி கைவந்தபின் அதையும் செய்து பாருங்கள்.

## 8. அசைவுச் சென்சாரைச் சேர்த்தல்

எம்பியு6050-ஐப் புறங்கையில் கட்டி, இப்போதைக்கு அதன் முடுக்க எண்களை மட்டும் எடுங்கள். கை அசையாதபோது அது காட்டுவது புவியீர்ப்பின் திசையை. ஆகவே கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அதிலிருந்து தெரியும்.

சாய்வைக் கோணமாக மாற்றாதீர்கள். கோணம் 180 பாகையைத் தாண்டும்போது −180-க்குத் தாவும். கை ஒரு மயிரிழை நகர, ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விழும். புவியீர்ப்பை 1 என்று கொண்டு, முடுக்கத்தின் ஓர் அச்சு தரும் −1 முதல் 1 வரையான எண்ணை அப்படியே பயன்படுத்தினால் தாவல் இல்லை. இடம் வலமாகத் திரும்பும் திசையை இந்தச் சென்சாரிடம் கேட்காதீர்கள். இதில் காந்த அளவி இல்லாததால் அந்த எண் நிமிடத்துக்கு நிமிடம் விலகிச் செல்லும்.

சாய்வைச் சுருதியோடு இணைக்கும்போது, ஹெர்ட்ஸில் நேராகப் பெருக்காமல், 33 முதல் 57 வரையான மிடி சுருதி எண்ணாக்கி, அதை ஹெர்ட்ஸாக மாற்றும் ‘எம்டோஎஃப்’ வழியே அனுப்புங்கள். அது 55 ஹெர்ட்ஸிலிருந்து 220 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு ஸ்தாயிகளைச் சமமாகப் பங்கிடும். காது சுருதியை விகிதமாகக் கேட்பதால் இது தேவை.

ஓய்வில் மௌனம் என்ற விதி இங்கே பலன் தருகிறது. தசை தளர்ந்திருக்கும்போது ஒலி இல்லை. ஆகவே கை எங்கு வேண்டுமானாலும் நகர்ந்து, அடுத்த சுருதிக்குரிய சாய்வில் போய் நின்று, பிறகு இறுகலாம். வயலின் வாசிப்பவர் வில்லை எடுத்துவிட்டு இடக்கை விரல்களை நகர்த்திக்கொள்வது போன்றது இது. இறுகியபடியே சாய்த்தால் கமகம் போல இழையும்.

உதறலையும் எடுக்கலாம். மூன்று அச்சுகளின் மொத்த நீளத்தைக் கண்டு 1-ஐக் கழித்தால், புவியீர்ப்பு நீங்கி உதறல் மட்டும் மிஞ்சும். அது 0.8-ஐத் தாண்டும்போது ஒரு சிறு இரைச்சல் துணுக்கை வெடிக்கவிடுங்கள், பிறகு 0.3-க்குக் கீழே இறங்கும்வரை அடுத்ததை அனுமதிக்காதீர்கள். ஏறவும் இறங்கவும் ஒரே எல்லையை வைத்தால் ஒரு உதறலுக்கு மூன்று நான்கு வெடிப்புகள் வரும்.

## 9. தளர்வுக்கும் ஒலி கொடுத்தல்

மௌனத்துக்குத் திரும்புவது கைவந்தபின் இதைச் செய்யுங்கள், முன்பு வேண்டாம். 4 நொடி ஒலியைத் தாங்கும் அணி (அரே) ஒன்றை ப்யூர் டேட்டாவில் அமையுங்கள்; 44,100-இல் அது 1,76,400 புள்ளிகள். தசை 0.25-ஐத் தாண்டும்போது ‘டேப்ரைட்~’ அதில் பதிவைத் தொடங்கட்டும். 0.12-க்குக் கீழே இறங்கியதும் பதிவு நிற்கட்டும். பதிந்த பகுதி, ‘டேப்ரீட்4~’ வழியே, பின்னோக்கி, பாதி வேகத்தில், பாதி உரப்பில் ஒலிக்கட்டும். நீங்கள் இறுக்கி உருவாக்கியது, தளர்ந்த கையின் மேல் திரும்பி வந்து கரைவதாகக் கேட்கும்.

இரண்டு இடங்களில் தவறு நேரும். பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் 10 மில்லி நொடி ஏற்ற இறக்கம் கொடுக்காவிட்டால் ‘டப்’ என்று வெட்டும். திரும்ப வரும் ஒலிக்கு முடிவு இல்லாமல் சுழலவிட்டால், ஓய்வின் மௌனம் நிரந்தரமாகப் போய்விடும். ஒருமுறை ஒலித்து அது அடங்க வேண்டும். அது ஒலிக்கும்போதே மறுபடி இறுக்கினால், 50 மில்லி நொடியில் அது மறைந்து புதிய ஒலிக்கு வழிவிட வேண்டும்.

கையின் நிலைகளைக் கணினிக்குக் கற்பித்து ஒலியை மாற்ற விரும்புபவர்கள், ரெபெக்கா ஃபீபிரிங்க் உருவாக்கிய வெகினேட்டர் என்ற இலவச மென்பொருளை இடையில் வைக்கலாம். அது போர்ட் 6448-இல் எண்களைப் பெற்று 12000-இல் திருப்பி அனுப்பும். ஆனால் கற்பிக்கும் மாதிரிகளில் ஓய்வு நிலையையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், ஓய்வைக் கணினி தனக்குத் தெரிந்த ஏதாவதொரு நிலை என்று கொண்டு ஒலித்துக்கொண்டிருக்கும்.

## 10. உடலில் அணியும் வடிவம்

சால்டர் இல்லாமல் செருகி இணைக்கும் பிரெட்போர்டும் ஜம்பர் வயரும் மேசைக்கு உரியவை. உடம்பில் கட்டினால் முதல் அசைவிலேயே கழன்றுவிடும். எல்லாவற்றையும் பொத்தல் போர்டில் சால்டர் செய்து, மெல்லிய பல இழை சிலிக்கோன் வயரைப் பயன்படுத்தி, வயர் போர்டைத் தொடும் இடத்தில் பசைத் துப்பாக்கியால் ஒரு சொட்டு வையுங்கள். வளைவு அந்த இடத்தில்தான் வயரை முறிக்கும். முழங்கை மடிப்பைத் தாண்டிப் போகும் வயருக்குக் கை முழுவதும் நீளும் அளவோடு இரண்டு விரற்கடை கூடுதல் விடுங்கள்.

எலக்ட்ரோடு வயர்கள் ஊசலாடினாலே சிக்னலில் அலை எழும். மேலே கிரேப் பேண்டேஜைத் தளர்வாகச் சுற்றினால் வயரும் அடங்கும், எலக்ட்ரோடும் பிரியாது. இறுக்கிச் சுற்றினால் தசை புடைக்க இடமில்லாமல் கை மரத்துப்போகும்.

போர்டை முதுகில் கட்டும்போது ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள நீர் விழுங்கும்; ரூட்டர் முன்னாலும் போர்டு முதுகிலுமாக இருந்தால் நடுவில் நிற்பது நீங்கள்தான். மேற்கையின் வெளிப்புறம் கட்டி, ரூட்டரை மேடையின் அதே பக்கத்தில், தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள்.

## 11. பயிற்சியும் மேடையும்

ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதற்குப்பின் பேட்ச்சில் ஒரு எண்ணையும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் ஸ்டூடியோவில் 1984 முதல் தம் ‘தி ஹேண்ட்ஸ்’ கைக்கருவியை வாசித்துவந்த மிஷேல் வைஸ்விஷ், மேம்படுத்துவதை வேண்டுமென்றே நிறுத்தி, இருந்ததை வாசிப்பதில் ஆண்டுகளைச் செலவிட்டவர். தினமும் மாறும் கருவியைக் கை மனப்பாடம் செய்ய முடியாது. நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பாவது நிறுத்துங்கள்.

மேடையில் கால வரிசை இப்படி இருக்கட்டும். நிகழ்ச்சிக்கு 40 நிமிடம் முன் தோலைத் துடைத்து எலக்ட்ரோடு ஒட்டுதல்; 30 நிமிடம் முன் வைஃபை சோதனை; அரங்கில் ஆட்கள் நிரம்பியபின் மீண்டும் ஒரு சோதனை, ஏனெனில் அவர்களுடைய போன்கள் எல்லாம் அதே அலைவரிசையில் பேசத் தொடங்கியிருக்கும். நெரிசல் இருந்தால் ரூட்டரை 1, 6, 11 ஆகிய சானல்களில் வெறுமையானதுக்கு மாற்றுங்கள். ஓய்வு–உச்சம் அளப்பதை மேடையேறுமுன் கடைசியாக, நின்றபடி செய்யுங்கள். உட்கார்ந்து அளந்த ஓய்வு, நிற்கும் உடலின் ஓய்வு ஆகாது. மேடைக்கூச்சத்தில் ஓய்வு எண் கூடியே இருக்கும். அதைக் குறைக்க முயலாமல், அந்தக் கணத்து உடல் தருவதையே 0 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

20 நிமிடத்துக்கு மேல் வாசித்தால் களைப்பாலும் வியர்வையாலும் எண்கள் நகரும். நடுவில் மீண்டும் அளக்க ஒரு கால் பெடலை வைத்துக்கொள்ளுங்கள். செய்திகள் அரை நொடிக்கு மேல் வராவிட்டால் ஒலி தானாக 2 நொடியில் அடங்கும்படி பேட்ச்சில் ஏற்பாடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு அறுந்த கணத்தின் ஒலி அரங்கில் அப்படியே உறைந்து நிற்கும்.

முடிந்ததும் முதலில் ஒலிபெருக்கியை அணைத்து, பிறகு எலக்ட்ரோடைக் கழற்றுங்கள். வரிசை மாறினால் பெரும் வெடிச்சத்தம் கேட்கும். எலக்ட்ரோடை ஓரத்திலிருந்து மெதுவாக, தோலை மற்றொரு கையால் அழுத்திப் பிடித்தபடி உரியுங்கள். தோலில் தங்கிய ஜெல்லைத் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைய ஓய்வு எண்ணையும் உச்ச எண்ணையும் நோட்டில் தேதியோடு எழுதி, பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள்.